இரண்டாவது நோயாளி

வைத்திய நூல்களைப் படிக்கும் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கதை எழுதுகிறவனுக்கு அவ்வப்போது ஒரு பாத்திரத்தைச் சாகடிக்க வேண்டிய அவசியம் நேர்ந்துவிடுகிறது. எந்த வியாதியைக் கொண்டு சாகடிப்பது? ஒரு காலத்தில் கதாநாயகிக்கு க்ஷயம் என்று எழுதிவிட்டால் போதும். வாசகர்கள் கண்ணீர் விட்டுவிடுவார்கள். இப்போதோ வாசகர்களில் பாதிப் பேருக்கு வைத்தியம் தெரிந்திருக்கிறது. தப்பாக எழுதினால் கடிதம் வந்துவிடும். அந்தப் பயத்தில் புரட்ட ஆரம்பித்த புத்தகங்கள் நாளாவட்டத்தில் நாவல்களைவிட ருசியாக இருக்கக் கண்டேன்.

அப்படிக் கண்ணில் பட்டதுதான் ரிச்சர்ட் மார்ட்டன் என்ற லண்டன் வைத்தியரின் நூல். 1689-ம் வருஷம் லத்தீனில் வெளிவந்தது; ஐந்து வருஷம் கழித்து இங்கிலீஷில் வந்தது. க்ஷய ரோகத்தைப் பற்றிய பெரிய நூல். மார்ட்டன் முதலில் பாதிரியாராக இருந்தவர். அரசாங்கம் விதித்த வழிபாட்டு முறைக்கு மனம் ஒப்பாமல் அந்த உத்தியோகத்தை இழந்து, பிற்பாடு வைத்தியத்துக்கு வந்தார். மனுஷர்கள் மனசில் இருப்பதைச் சொல்லும்போது பொறுமையாகக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு முன் வேலையிலேயே வந்திருக்க வேண்டும்.

இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, நுரையீரலில் கோளாறு இல்லை. ஆனாலும் உடம்பு உருகிக்கொண்டே போகிறது. இப்படி ஒரு வகை க்ஷயம் உண்டு என்று மார்ட்டன் எழுதுகிறார். அதன் வேர் நரம்புகளிலும் மனசின் கொந்தளிப்பிலும் இருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். அதற்கு உதாரணமாக இரண்டு பேரைக் காட்டுகிறார்.

முதலாவது ஒரு பெண். 1684-ம் வருஷம், அவளுக்குப் பதினெட்டாம் பிராயத்தில் வியாதி தொடங்கிற்று. இரவும் பகலும் புத்தகமும் கையுமாக இருந்தவள். சாப்பாடு குறைந்தது, மாதவிலக்கு நின்றது. இரண்டு வருஷம் கழித்து மார்ட்டனிடம் வந்தபோது எலும்பும் தோலுமாக இருந்தாள். மருந்துகளில் சலிப்புத் தட்டி, வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதத்தில் மயக்கம் போட்டு விழுந்து இறந்தாள்.

இரண்டாவது ஒரு பையன். மார்ட்டனுக்கு நெருங்கிய சிநேகிதரான ஒரு பாதிரியாரின் பிள்ளை. பதினாறு வயசு வாக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பசி போயிற்று. அளவுக்கு மீறிப் படித்ததும் மனக்கவலையும்தான் காரணம் என்கிறார் மார்ட்டன். இரண்டு வருஷம் உருகினான். கசப்பு மருந்தும் அயச்சத்து மருந்தும் கொடுத்துப் பார்த்தார், ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், படிப்பை மூட்டை கட்டி வை, கிராமத்துக் காற்றில் போய் இரு, குதிரை ஏறு, பால் சாப்பிடு என்று சொல்லி அனுப்பினார். அதிலும் கழுதைப் பால் விசேஷமாம். நம் பாட்டிமார் கேட்டால் தலையை ஆட்டுவார்கள். பையன் பெரும்பாலும் தேறினான். பூரணமாக விடுபட்டான் என்று மட்டும் மார்ட்டன் எழுதவில்லை. இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று ஒப்புக்கொள்கிறார்.

பிற்காலத்தில் 'அனோரெக்ஸியா நெர்வோஸா' என்று பெயர் பெற்ற வியாதியைப் பற்றி இங்கிலாந்தில் எழுதப்பட்ட முதல் வைத்தியக் குறிப்பு இதுதான் என்று சரித்திரக்காரர்கள் சொல்லுகிறார்கள். பசியைப் பகைத்துக்கொண்டு, உடம்பு கெட்டாலும் சாப்பிட மறுக்கும் வியாதி. இந்தக் குறிப்பு எத்தனையோ இடங்களில் எடுத்துக் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் எடுத்துக் காட்டுகிறவர்கள் பலரும் அந்தப் பெண்ணோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த பக்கத்திலேயே நிற்கிற பையனை அவர்கள் கண் தாண்டிப் போய்விடும். 'இளம் பெண்களுக்கு வருகிற வியாதி' என்று உலகம் இதைத் தெரிந்துவைத்திருக்கிறது. முதல் நூலிலேயே இரண்டில் ஒருவர் பையன்!

அவன் எப்படித் தொலைந்துபோனான் என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

உடனே தொலைந்துவிடவில்லை. 1764-ல் எடின்பரோவைச் சேர்ந்த ராபர்ட் விட் என்ற வைத்தியர், நரம்பு வியாதிகளைப் பற்றிய நூலில் பதினாலு வயசுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். சோர்ந்து, பசியிழந்து, மெலிந்து போனான். நாடி மிகவும் மந்தமாக அடித்தது. பிறகு பசி திரும்பிற்று. அடங்காத பசியாகத் திரும்பிற்று. 1790-ல் ராபர்ட் வில்லன் என்பவர் இன்னொரு வாலிபனைப் பற்றி எழுதினார். மதக் கொள்கையைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு 78 நாள் பட்டினி கிடந்து அவன் இறந்துபோனான். ஆக, நூறு வருஷ காலத்துக்கு இந்த ஏட்டில் ஆண்பிள்ளைகளுக்கும் இடம் இருந்தது.

வியாதிக்குப் பெயர் வைக்க வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது.

1873-ம் வருஷம் பாரிஸில் லஸேக் என்ற டாக்டர் ஒரு கட்டுரை பிரசுரித்தார். அதே வருஷம் லண்டனில் ஸர் வில்லியம் கல் ஒரு கட்டுரை வாசித்தார். இருவரும் பேசினது ஒரே வியாதியை. லஸேக் கண்ட நோயாளிகள் எல்லாரும் பெண்கள். அவர் அதை ஹிஸ்டீரியாவின் ஒரு வகை என்றார். ஹிஸ்டீரியா என்ற சொல்லுக்கு மூலம், கருப்பையைக் குறிக்கிற கிரேக்கச் சொல். அந்தப் பெயரை ஒட்டிவிட்டால் ஆண்பிள்ளைக்கு அந்த வீட்டில் இடமே இல்லை.

கல்லும் ஐந்து வருஷத்துக்கு முன்னால், 1868-ல், ஆக்ஸ்போர்டில் பேசும்போது ஹிஸ்டீரியா என்ற சொல்லைத்தான் சேர்த்திருந்தார். 1873-ல் அதை மாற்றினார். 'நெர்வோஸா', அதாவது நரம்பு சம்பந்தமானது, என்ற சொல்லே மேல் என்றார். அதற்கு அவர் சொன்ன காரணத்தைக் கவனிக்க வேண்டும்: இந்த வியாதி ஆண்களுக்கும் வருகிறது என்பதுதான் காரணம். இன்றைக்கு உலகம் முழுவதும் வழங்குகிற பெயரில் அந்தப் பாதி, பையன்களை உத்தேசித்தே வைக்கப்பட்டது!

இவ்வளவு செய்தவர் ஒன்றைச் செய்யாமல் விட்டார். கட்டுரையோடு படங்கள் போட்டார். நோயாளி மெலிந்திருந்தபோது ஒரு முகம், தேறின பிறகு ஒரு முகம். பார்த்தால் மறக்காது. அந்தப் படங்கள் எல்லாம் பெண்களுடையவை. ஆண்களைப் பற்றி வருவது ஒரு வாக்கியம். கதை எழுதுகிறவனுக்கு இதன் பலன் தெரியும். முகம் உள்ள பாத்திரம்தான் வாசகன் மனசில் நிற்கும். 'இன்னும் சிலரும் வந்திருந்தார்கள்' என்று எழுதினால், அந்தச் சிலரை அடுத்த பக்கத்தில் எழுதினவனே மறந்துவிடுவான்.

வைத்தியர்கள் மறந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் மனசை ஆராயும் சாஸ்திரம் வளர்ந்தது. வாய்வழியாகக் கர்ப்பம் உண்டாகிவிடுமோ என்ற மறைவான பயத்தால்தான் பெண் சாப்பாட்டை வெறுக்கிறாள் என்று 1940-ல் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளிவந்து பிரசித்தமாயிற்று. இந்தத் தத்துவத்தை ஒத்துக்கொண்டால் ஆண்பிள்ளைக்கு இந்த வியாதி வரவே முடியாது. வந்தால், அது வேறு ஏதோ என்றுதான் சொல்ல வேண்டும். அப்படியே சொன்னவர்களும் உண்டு.

பிறகு ஜாபிதா வந்தது. அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் வெளியிடும் வியாதி அட்டவணையை உலகெங்கும் பார்த்து நடக்கிறார்கள். 1987-லும் 1994-லும் வந்த பதிப்புகளில் இந்த வியாதிக்கு நாலு அடையாளங்கள் சொல்லியிருந்தன. நாலில் ஒன்று, தொடர்ந்து மூன்று மாதம் மாதவிலக்கு நின்றுபோவது. ஆண்களுக்கு இது பொருந்தாது என்பதை எழுதினவர்கள் அறிவார்கள். பெண்களுக்கு என்றே குறித்து எழுதினார்கள். 1992-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட அட்டவணையில் ஆண்களுக்கு என்று தனியாக ஓர் அடையாளமும் சேர்த்திருந்தார்கள். அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனாலும் பரீட்சைக்குப் படிக்கிற இளம் டாக்டரின் மனசில் என்ன சித்திரம் விழுந்திருக்கும்? நாளைக்கு ஒரு தகப்பன் மெலிந்த பையனை அழைத்துக்கொண்டு வந்து நின்றால், அந்தச் சித்திரத்தோடு பொருந்துமா? அமெரிக்க அட்டவணை அந்த அடையாளத்தை 2013-ல்தான் அடித்தது. கல் பெயரை மாற்றி அப்போது 140 வருஷம் ஆகிவிட்டது.

நிற்க. வைத்தியர்கள் தேடாமல் இருந்த காலத்தில் ஆண்பிள்ளைகள் எல்லாரும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்று எண்ண வேண்டாம்.

பைரன் என்ற ஆங்கிலக் கவியைக் காலேஜில் படித்திருப்பீர்கள். லண்டனில் ஸெயின்ட் ஜேம்ஸ் தெருவில் ஒரு திராட்சைமது வியாபாரியின் கடையில் பெரிய தராசு ஒன்று உண்டு. பெரிய மனுஷர்கள் அதில் ஏறி உட்கார்ந்து நிறை பார்த்துப் பேரேட்டில் பதிவது வழக்கம். 1806-ல் பைரன் 194 ராத்தல் இருந்தார்; அப்போது பதினெட்டு வயசு வாக்கு. ஐந்து வருஷத்தில் ஐம்பது ராத்தலுக்குக் குறையாமல் இறக்கிவிட்டார். எப்படி? ஏழு வெயிஸ்ட்கோட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, அதற்குமேல் கனத்த ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு, வேர்த்து விழும்வரையில் ஓடிக் கிரிக்கெட் ஆடினார். இதை 1807-ல் அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். ஸாமுவெல் ராஜர்ஸ் என்ற கவியின் வீட்டு விருந்தில் மாமிசம் வேண்டாம், மீன் வேண்டாம், பிஸ்கத்தும் சோடாவும் போதும் என்றார். அவை இல்லையென்று தெரிந்ததும் உருளைக்கிழங்கை மசித்து வினிகர் விட்டுச் சாப்பிட்டார். அன்றிரவே அவர் ஒரு கிளப்புக்குப் போய் வயிறு புடைக்க மாமிசம் சாப்பிட்ட சங்கதி ராஜர்ஸுக்குப் பிற்பாடு தெரியவந்தது. ராஜர்ஸ் அதை வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். கேட்டவர்களும் கவிராயரின் கிறுக்கு என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லார் முன்னிலும் பட்டினி, யாரும் பார்க்காதபோது பெருந்தீனி. இதற்கு இன்றைய டாக்டர்கள் கிறுக்கு என்று பெயர் சொல்ல மாட்டார்கள்.

பிரெட் ஆர்ச்சர் என்று ஒரு ஜாக்கி இருந்தார். 1874 முதல் 1886 வரை பதின்மூன்று வருஷம் தொடர்ந்து இங்கிலாந்தின் முதல் ஜாக்கி. 2,748 பந்தயம் ஜயித்தவர். ஜாக்கிக்கு மிஞ்சின உயரம் அவருக்கு. உயரத்தைக் குறைக்க முடியாது, சதையைத்தான் குறைக்கலாம். அவர் உபயோகித்த பேதி மருந்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 1886-ல் ஒரு பெரிய பந்தயத்துக்காகப் பட்டினி கிடந்து 119 ராத்தலுக்கு இறங்கினார். அந்தப் பந்தயத்தில் குதிரைத் தலை அளவில் தோற்றார். சில நாளில் டைபாய்டு ஜுரத்தில் படுத்தார். மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜுர வேகத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். வயசு 29.

இது ஏதோ பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் காலேஜ்களில் குறைந்த எடைப் பிரிவில் மல்யுத்தம் செய்வதற்காக, நிறை பார்க்கும் நாளுக்கு முன்னால் உடம்பை வற்ற அடிக்கும் வழக்கம் இருந்தது. ரப்பர் உடுப்பைப் போட்டுக்கொண்டு சூடேற்றின அறையில் தேகப்பயிற்சி செய்வார்கள். 1997 நவம்பர், டிஸம்பர் மாதங்களில், ஐந்து வார காலத்துக்குள் மூன்று மாணவர்கள் இப்படிச் செய்து இறந்தார்கள். அதன் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள்.

கவியும் ஜாக்கியும் மல்லனும் ஒரே வியாதிக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்ல நான் டாக்டர் அல்ல. நான் சொல்ல வருவது வேறு. பெண் சாப்பிடாமல் இருந்தால் வீட்டார் வியாதியோ என்று பயப்படுகிறார்கள். ஆண் சாப்பிடாமல் இருந்தால் அதற்கு உலகம் ஒரு கௌரவமான பெயர் வைத்திருக்கிறது. கவியானால் மேதையின் விசித்திரம், ஜாக்கியானால் தொழில், மல்லனானால் கட்டுப்பாடு, பக்தனானால் தபசு. பெயர் கௌரவமாக இருக்கும்வரையில் யாரும் கிட்டே போய் விசாரிப்பதில்லை.

நானும் விசாரிக்காதவர்களில் ஒருவன்தான். காலேஜ் ஹாஸ்டலில் என் பக்கத்து அறையில் ஒருவன் இருந்தான். கெட்டிக்காரன். முதலில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினான். பிறகு மோர் மட்டும் என்றான். பிறகு மெஸ்ஸில் அவன் இலை போடுவதே அபூர்வமாயிற்று. நாங்கள் அவனுக்குச் 'சுவாமிகள்' என்று பெயர் வைத்தோம். பாதி கேலி, பாதி மரியாதை. பரீட்சை நெருங்கினபோது அவன் தகப்பனார் வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போனார். அவன் டிரங்குப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினான். பத்தொன்பது வயசுப் பையன் அப்படி இறங்கினதைப் பார்த்த பிறகும், 'படிப்பு மும்முரம்' என்றுதான் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். மார்ட்டனின் பையனைப் படித்தபோது எனக்கு அந்த மாடிப்படிதான் ஞாபகம் வந்தது.

பட்டினி ஆண்பிள்ளையின் மனசை என்ன செய்கிறது என்பதற்குச் சாட்சியம் இல்லாமல் இல்லை. ஆன்ஸல் கீஸ் என்ற விஞ்ஞானி 1944-ம் வருஷக் கடைசியில் மின்னஸோட்டா சர்வகலாசாலையில் ஒரு பரிசோதனை ஆரம்பித்தார். யுத்தத்தில் பட்டினி கிடந்த ஐரோப்பிய ஜனங்களுக்கு எப்படிச் சோறு போட்டுத் தேற்றுவது என்று அறிவதற்காகச் செய்தது. மனச்சாட்சி காரணமாகப் போருக்குப் போக மறுத்தவர்களில் 400 பேருக்கு மேல் முன்வந்தார்கள். திடகாத்திரமும் தெளிந்த புத்தியும் உள்ள 36 பேரைப் பொறுக்கினார்கள். ஆறு மாத காலம் அவர்களுக்குப் பாதிச் சாப்பாடு. உருளைக்கிழங்கு, முள்ளங்கி வகைக் கிழங்குகள், ரொட்டி, மாக்கரோனி. நாள் ஒன்றுக்கு 1,600 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. நிறையில் கால்வாசி குறைந்தது.

உடம்பு மெலிந்தது அதிசயமல்ல. மனசு மெலிந்த விதம்தான் அதிசயம். அரசியலும் தத்துவமும் பேசினவர்கள் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லாமல் ஆனார்கள். சமையல் புத்தகங்களை நாவல் மாதிரி படித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்துக்கொண்டு தின்றார்கள், தண்ணீர் கலந்து பெருக்கினார்கள், தட்டை நக்கினார்கள். காப்பிக்கும் சூயிங்கத்துக்கும் அளவு கட்ட வேண்டியதாயிற்று. சிடுசிடுப்பு, தனிமை, துக்கம். சிலர் திருட்டுத்தனமாகத் தின்றுவிட்டு அவமானத்தில் அழுதார்கள். வயிறாரச் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்குப் பல மாதம் திருப்தி வரவில்லை. இவ்வளவையும் கீஸும் அவருடைய சகாக்களும் 1950-ல் இரண்டு பெரிய பாகங்களாக வெளியிட்டார்கள்.

சாப்பிட மறுக்கிற பெண்களிடம் 'பெண்புத்தி' என்று டாக்டர்கள் குறித்துவைத்த பல குணங்கள் இந்த 36 வாலிபர்களிடமும் தலைகாட்டின. பட்டினி எந்தக் காரணத்தால் தொடங்கினாலும் சரி, ஒரு எல்லையைத் தாண்டினால் அதுவே மனசைப் பிடித்துக்கொள்கிறது. அதற்கு ஆண் பெண் பேதம் தெரியாது.

இவ்வளவுக்குப் பிறகு, தொலைந்த பையன் மெதுவாகத் திரும்பி வருகிறான். 1979-ல் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற லண்டன் டாக்டர், அளவு மீறித் தின்றுவிட்டுப் பயந்து வாந்தி எடுக்கும் வியாதிக்கு 'புலிமியா நெர்வோஸா' என்று பெயர் வைத்தார். அவர் விவரித்த 30 பேரில் 2 பேர் ஆண்கள். அமெரிக்காவில் வீடு வீடாக விசாரித்து 2007-ல் வெளியிட்ட கணக்கில், வாழ்நாளில் அனோரெக்ஸியா கண்டவர்கள் ஆயிரம் பெண்களில் 9 பேர், ஆயிரம் ஆண்களில் 3 பேர். புலிமியா கண்டவர்கள் 15 பேரும் 5 பேரும். நாலு நோயாளிகளில் ஒருவர் ஆண் என்று ஆகிறது. வாந்தி இல்லாமல், அடங்காமல் தின்கிற வியாதியில் வித்தியாசம் இன்னும் குறைவு: 35-க்கு 20.

மெலிய வேண்டும் என்பது ஒன்றுதான் பையன்களின் ஆசை என்றும் சொல்ல முடியாது. ஹாரிஸன் போப் என்ற ஹார்வர்ட் மனோவைத்தியர் 1993-ல் தேகப்பயிற்சிக்காரர்களைப் பரிசோதித்தார். மலை மாதிரி உடம்பை வைத்துக்கொண்டு, நான் நோஞ்சான் என்று வெட்கப்பட்டு உடம்பை மூடிக்கொள்கிறவர்களைக் கண்டார். கண்ணாடி பொய் சொல்லுகிற விதம் ஒன்றுதான், திசைதான் வேறு.

பிரிட்டனில் பத்து வருஷம் உதவிப் பிரதம மந்திரியாக இருந்த ஜான் பிரெஸ்காட், தமக்குப் புலிமியா இருந்ததை 2008-ல் வெளியிட்டார். கப்பல் சிப்பந்தியாகத் தொடங்கித் தொழிற்சங்கத்தில் வளர்ந்த முரட்டு மனுஷர். டாக்டரைப் பார்க்கப் போனபோது அந்த அறை நிறைய இளம் பெண்கள் காத்திருந்தார்களாம். தாம் ஒருவர்தான் ஆண் என்று கண்டு கூசிப்போனாராம். பத்திரிகைகளில் சிலர் பரிகாசம் செய்தார்கள். 2020-ல் பிளின்டாப் என்ற கிரிக்கெட் வீரர் பி.பி.சி. படத்தில் தம் கதையைச் சொன்னார். 2005-ல் ஆஸ்திரேலியர்களைத் தோற்கடித்த அதே பிளின்டாப். அவர் ஆடின காலத்தில் பத்திரிகைகள் அவருடைய பருமனைக் கேலி செய்தன. வியாதி அங்கே பிடித்தது. கையில் மட்டையோடு ஊரெல்லாம் பார்த்த ஆள். அவருடைய பட்டினியை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

மார்ட்டனிடம் திரும்பி வருகிறேன். அவருக்கு ஹார்மோன் தெரியாது, கலோரி தெரியாது, அட்டவணை கிடையாது. கழுதைப் பாலை நம்பினவர். ஆனாலும் பின்னால் வந்த பெரிய டாக்டர்கள் பலர் செய்யாத ஒன்றை அவர் செய்தார். பையனின் வியாதியையும் பெண்ணின் வியாதியையும் அடுத்தடுத்த பக்கத்தில், ஒரே தலைப்பின்கீழ் எழுதினார். சிநேகிதர் பிள்ளை ஆயிற்றே, படிப்பாளி ஆயிற்றே என்று கௌரவமான பெயர் எதையும் தேடவில்லை. சாப்பிடவில்லை, உருகுகிறான், மனசில் என்னவோ இருக்கிறது என்று கண்டதைக் கண்டபடி எழுதினார். படிப்பை நிறுத்தச் சொன்னார். இங்கிலாந்து ஆனால் என்ன, எந்தத் தேசம் ஆனால் என்ன, படிக்கிற பிள்ளையின் தகப்பனிடம் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும். அந்தத் தகப்பனும் கேட்டுக்கொண்டார். அதனால்தான் அந்தப் பிள்ளை முதலாவது நோயாளியின் வழியே போகவில்லை.

பிள்ளை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகும்போது, 'பரீட்சைக் கவலை, தானாகச் சரியாகிவிடும்' என்று சொல்லத்தான் நமக்கு வாய் வரும். பல வீடுகளில் அது சரியாகவும் ஆகிவிடும். ஆனால் இரண்டு மாதம் சென்றும் ஆகாவிட்டால், சட்டை தோளில் தொங்க ஆரம்பித்தால், அவனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்துக் கேளுங்கள். டாக்டரிடமும் அழைத்துக்கொண்டு போங்கள். 'பையன்களுக்கு இது வராது' என்று அந்த டாக்டர் சொன்னால், வேறு டாக்டரைப் பாருங்கள். 1689-லேயே வந்திருக்கிறது.